இரவில் பஞ்சரான கார்: ஸ்டெப்னி மாற்றுவதற்கு வீட்டிலேயே எப்படித் தயாராவது?

வளவுவீடு | ஞாயிறு, காலை 9.10

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் ஆத்தங்குடியில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து இரவு பத்தரை மணிக்குக் கானாடுகாத்தானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, எங்கள் காரின் இடது முன்சக்கரம் பஞ்சராகிவிட்டது. வண்டியில் நானும் என் மனைவியும் எண்பத்தொரு வயதான அப்பத்தாவும் இருந்தோம். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ஒரு வீடுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

இருபது வருடமாகக் கார் ஓட்டுகிறேன். ஆனால் ஒரு முறைகூட நானாக டயரை மாற்றியதில்லை என்பது அந்த இருட்டில்தான் எனக்கே உறைத்தது. கைப்பேசியின் விளக்கை மனைவி பிடிக்க, ஜாக்கியை வைத்து முதலில் வண்டியைத் தூக்கிவிட்டேன். அதன்பிறகு நட்டைக் கழற்றப் பார்த்தால், ஸ்பேனரோடு சேர்ந்து சக்கரமும் சுற்றியது. கோபத்தில் ஓங்கி மிதித்தேன். முந்தின நாள் மழையில் ஊறிக் கிடந்த செம்மண்ணில் ஜாக்கி ஒரு பக்கமாகச் சரிந்து, வண்டி சற்று நகர்ந்து உட்கார்ந்தது. யாருக்கும் காயமில்லை என்றாலும், அப்பத்தா அப்போதும் உள்ளேதான் இருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது. கடைசியில் காய்கறி ஏற்றி வந்த குட்டி யானைக்காரர் ஒருவர் நிறுத்தி உதவினார். டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை வெளியே எடுத்தபோது அதிலும் காற்று இல்லை. அவர் வைத்திருந்த மிதிபம்பால் மாறி மாறி அடித்து, ஒருவழியாக வீடு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிட்டது.

நாங்கள் சென்னையில் இருக்கிறோம். இந்தக் கார் ஊர் வீட்டுக் கொட்டகையிலேயே நிற்கும். விசேஷங்களுக்கு வரும்போது மட்டும், வருடத்துக்கு நான்கைந்து தடவை எடுப்போம். அடுத்த முறை இப்படி நிற்காமல் இருக்க என்னென்ன முன்னேற்பாடுகள் செய்ய வேண்டும் என்பதையும், வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கிச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கொப்புடையாள்துணை | ஞாயிறு, காலை 10.45

ஐயா, வணக்கம். காரைக்குடியில் இருபத்திரண்டு வருடமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். உங்களைப் போலப் பயந்து போய் என் கடைக்கு வருபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன் என்பதால், நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

நீங்கள் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரிய தவறு. சக்கரம் தரையில் அழுந்தி நிற்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். அப்போது வண்டியின் பாரமே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். தூக்கிய பிறகு முன்சக்கரத்தைப் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை; ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். நீங்கள் ஸ்பேனரில் கொடுத்த பலம் முழுவதும் நட்டுக்குப் போகாமல் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளுவதற்குப் போயிருக்கிறது. ஆகவே முதலில் தளர்த்துவது, பிறகு தூக்குவது, தூக்கியபின் நட்டுகளைக் கையாலேயே கழற்றுவது என்ற வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள்.

இன்னொன்று, ஆட்களை இறக்காமல் ஜாக்கியைத் தொடவே கூடாது. வயதானவர்களாக இருந்தாலும், மழை தூறினாலும், இறக்கிச் சாலையிலிருந்து விலகி ஓர் ஓரமாக உட்கார வைத்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

நட்டு ஏன் அவ்வளவு இறுக்கமாக இருந்தது என்று கேட்பீர்கள். கடைசியாக டயர் மாட்டிய இடத்தில் காற்றுத் துப்பாக்கியால் அடித்து முறுக்கியிருப்பார்கள். என் கடையிலும் அந்தத் துப்பாக்கி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நட்டுகளை ஓரளவு ஓட்டிவிட்டு, கடைசி முறுக்கைக் கையால்தான் கொடுக்க வேண்டும். எந்தக் கடையில் மாட்டினாலும் அப்படிக் கேட்டு வாங்குங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

வாடகைவண்டி | ஞாயிறு, பகல் 1.20

கடைக்கார அண்ணன் சொன்னதெல்லாம் சரி. நான் அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். எங்கே நிறுத்துவது என்பதில்தான் உயிர் இருக்கிறது.

திருச்சியிலிருந்து இராமேசுவரம் போகும் சாலையில் பல வருடமாகப் பயணிகளை ஏற்றிச் செல்கிறேன். டயரில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும். படபடவென்று சத்தம் வரும். அந்த நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டி தானாக வேகம் குறைய விட வேண்டும். பிறகு வளைவும் பாலமும் இல்லாத, தரை கெட்டியாகவும் சமமாகவும் உள்ள இடம் கிடைக்கும் வரை ஊர்ந்து போக வேண்டும். காற்றில்லாமல் ஓட்டினால் டயர் வீணாகிவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் லாரி போகும் வளைவில் குனிந்து உட்கார்ந்து நட்டுக் கழற்றுவதைவிட ஒரு டயரை இழப்பது எவ்வளவோ மேல் என்று நான் முடிவு செய்து வைத்திருக்கிறேன்.

நின்றதும் நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதல் கியரிலோ ரிவர்ஸ் கியரிலோ வண்டியை நிறுத்துவேன். ஆட்டோமேட்டிக் வண்டியானால் ‘பி’யில். காரோடு கொடுக்கும் சிவப்பு முக்கோணத்தைப் பெரும்பாலானவர்கள் உறை பிரிக்காமலேயே வைத்திருக்கிறார்கள். அதை விரித்து, வண்டிக்குப் பின்னால் ஐம்பது மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். பத்தடி தூரத்தில் வைத்தால், வேகமாக வருபவருக்கு முக்கோணமும் காரும் ஒரே நேரத்தில்தான் தெரியும்.

தைப்பூசச் சமயத்தில் இன்னும் கவனம் தேவை. பழனிக்கு நடப்பவர்கள் குன்றக்குடி வழியாக இரவெல்லாம் சாலையோரத்தில்தான் போவார்கள். நாம் ஓரத்தை அடைத்து நின்றால், காவடியோடு வருபவர்கள் நம்மைச் சுற்றிக்கொண்டு சாலைக்குள் இறங்க வேண்டியிருக்கும். ஒரு வருடம் அதைக் கண்ணால் பார்த்த பிறகு, அந்த நாட்களில் பஞ்சரானால் பெட்ரோல் பங்கோ டீக்கடையோ வரும்வரை நான் நிறுத்துவதே இல்லை.

ஊருணிக்கரை | ஞாயிறு, மாலை 5.05

நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மேலே சொல்லப்பட்டவற்றுக்குக் கொஞ்சம் கணக்கைச் சேர்த்தால் விஷயம் தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

சிறிய கார்களின் சக்கர நட்டுக்குத் தேவைப்படும் முறுக்கம் பொதுவாக 90 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும்; உங்கள் வண்டிக்கு உரிய அளவு கையேட்டில் இருக்கும். 100 என்று வைத்துக்கொள்வோம். காரோடு வரும் ஸ்பேனரின் நீளம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர், அதாவது கால் மீட்டர். எனவே அதன் நுனியில் 400 நியூட்டன், அதாவது சுமார் 40 கிலோ எடையைக் கொடுத்தால் அந்த முறுக்கம் கிடைத்துவிடும். அறுபது கிலோ உள்ள ஒருவர் நுனியில் ஏறி நின்றால் கிட்டத்தட்ட 150 ஆகிவிடும். இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. இறுகிப்போன நட்டைத் தளர்த்துவதற்கு, சக்கரம் தரையில் இருக்கும்போது, காரைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரின் மேல் ஏறி நிற்கலாம், அதில் தவறில்லை. ஆனால் முறுக்கும்போது ஏறி நிற்கவே கூடாது. பலமாக முறுக்கினால் பத்திரம் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். போல்ட் ஓர் அளவுக்கு மேல் இழுபட்டால், பிறகு அது பழைய நிலைக்குத் திரும்பாது; ஒரு நாள் முறியும்.

நட்டின் புரியில் எண்ணெயோ கிரீஸோ தடவி மாட்டும் பழக்கமும் இங்கே பரவலாக இருக்கிறது. துரு பிடிக்காமல் இருக்கும் என்று நினைத்துச் செய்கிறார்கள். உராய்வு குறைந்துவிடுவதால், அதே பலத்தில் முறுக்கினாலும் போல்ட் தேவைக்கு மேல் இழுபடும். புரியைக் கம்பித் தூரிகையால் துடைத்துவிட்டு உலர்வாகவே மாட்டுவதுதான் முறை. ரிம்மின் நடுத்துளை, இரும்பு ஹப்பில், அதாவது சக்கரத்தைத் தாங்கும் மையப் பகுதியில், உட்காரும் இடம் மட்டும் வேறு கதை. அலாய் ரிம் அலுமினியக் கலவை. அதுவும் இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டு நின்றால் அரிப்பு ஏற்பட்டு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியிலேயே இயங்கிக்கொண்டிருக்க, நம் ஊர்க் கொட்டகைகளில் நிற்கும் கார்களின் ரிம்கள் ஹப்போடு ஒட்டிக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அந்த இடத்தில் மட்டும் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவலாம்.

நட்டையெல்லாம் கழற்றியும் சக்கரம் வரவில்லையென்றால் ஜாக்கியில் நிற்கும் வண்டியை ஆட்டி இழுக்காதீர்கள். நட்டுகளைக் கையால் திரும்பப் போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு சுற்று மட்டும் தளர்வாக விட்டு, வண்டியை இறக்கினால் பாரம் பட்டு ரிம் விடுபடும். பிறகு மறுபடி தூக்கிக் கழற்றிக்கொள்ளலாம்.

போகிற போக்கில் ஒரு செய்தி. ‘ஸ்டெப்னி’ என்று நாம் சொல்லும் சொல் ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில், 1904இல் தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் உருவாக்கிய உபரிச் சக்கரத்துக்கு அந்தப் பெயர் வந்தது. அந்த ஊர்க்காரர்களே இன்று ‘ஸ்பேர்’ என்றுதான் சொல்கிறார்கள், நாம் விடவில்லை.

சிறுகூடல்பட்டியான் | ஞாயிறு, இரவு 8.30

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். இவ்வளவு பாடும் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. 2020இல் விதியைத் திருத்தியதிலிருந்து, டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருக்கிற காருக்கு ஸ்டெப்னியே கட்டாயமில்லை. என் புதிய காரில் ஸ்டெப்னி கிடையாது. ஒரு புட்டியில் அடைப்புத் திரவமும், பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரஸரும் கொடுத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். சேற்றில் முட்டி போட வேண்டியதில்லை.

கொப்புடையாள்துணை | ஞாயிறு, இரவு 9.15

தம்பி, அந்தக் கிட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஆணியோ முள்ளோ தரையில் படும் பட்டன் பகுதியில் குத்தியிருந்தால் அது கை கொடுக்கும். ஆனால் துளை ஆறு மில்லிமீட்டருக்கு மேல் போனாலோ, டயரின் பக்கச் சுவர் கிழிந்திருந்தாலோ அந்தப் புட்டியால் ஒரு பயனும் இல்லை. நம் சாலைகளின் ஓரம் எப்படி இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். எதிரே பேருந்து வருகிறது என்று இறக்கி ஏற்றும்போது தார் விளிம்பில் அடிபட்டுப் பக்கவாட்டில் கிழிந்து வரும் டயர்கள் என் கடையில் நிறைய. அப்படிப்பட்டவர்களுக்கு, புட்டி இருந்தாலும் வண்டியை ஏற்றிப்போக ஆள் தேட வேண்டியதுதான்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அந்தத் திரவத்தை ஊற்றியிருந்தால் கடையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், டயரை ரிம்மிலிருந்து பிரித்ததும் பிசினாக என் முழங்கை வரை ஒட்டிக்கொள்கிறது.

வளவுவீடு ஐயாவுக்கு முக்கியமான விஷயம் ஒன்று விட்டுப்போனது. ஆணி குத்தியிருப்பது வெளியே தெரிந்தால் அதைப் பிடுங்காதீர்கள். டியூப்லெஸ் டயரில் ஆணியே அடைப்பாக இருப்பதால் காற்று மெதுவாகத்தான் இறங்கும்; காற்று அடித்துக்கொண்டே கடை வரை வந்துவிடலாம். இங்கே வரும் பஞ்சரில் லாட ஆணிக்கும் குறைவில்லை, வண்டி மாடுகளின் குளம்பிலிருந்து விழுவது. ஆனால் சீமைக்கருவேல முள் அதைவிடத் தந்திரமானது. குத்தியதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி ஒடிந்துவிடும். உள்ளே இருக்கும் நுனி ரப்பரோடு ரப்பராக மறைந்துகொள்ளும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை காற்றுக் குறைகிறது, ஆனால் ஆணி எதுவும் இல்லை என்று வருபவர்களின் டயரில் சோப்பு நீரைத் தடவிப் பார்த்தால், கடுகு போல ஒரு குமிழி ஒரே இடத்தில் வந்துகொண்டே இருக்கும்.

இரண்டாங்கட்டு | திங்கள், காலை 6.40

நான் பள்ளத்தூரில் தனியாக இருக்கிறேன். வயது அறுபத்து மூன்று. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். காரைக்குடிக்கு மருந்து வாங்கவும் பிள்ளையார்பட்டிக்கும் நானேதான் கார் ஓட்டிக்கொண்டு போகிறேன். இங்கே எழுதுகிறவர்கள் எல்லோரும் ஏறி மிதிக்கச் சொல்கிறீர்கள். எனக்கு முழங்கால் வலி. என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?

ஊருணிக்கரை | திங்கள், காலை 8.00

ஆச்சி, தங்கள் கேள்வி நியாயமானது; பதிலும் எளிமையானது. இரும்புக் கடையில், தங்கள் ஸ்பேனரின் கைப்பிடி உள்ளே நுழையும் பருமனில் இரண்டரை அடி நீளக் குழாய் ஒன்றை வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பேனரில் அதைச் சொருகினால் கை முக்கால் மீட்டராக நீண்டுவிடும். அப்போது 40 கிலோ தேவைப்பட்ட இடத்தில் 14 கிலோவுக்குக் குறைவாகவே போதும், அதாவது ஒரு குடம் தண்ணீரின் பாரம். அளவுக்கு மீறி முறுக்கியிருந்தாலும் அதைப் போல இரண்டு மடங்குதான். குழாயைத் தளர்த்துவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். முறுக்கும்போது கழற்றி வைத்துவிட்டு வெறும் ஸ்பேனரால் முறுக்க வேண்டும். கடினமாக எஞ்சுவது சக்கரத்தைத் தூக்கி மாட்டுவதுதான். கையால் தூக்காதீர்கள். சிறு முக்காலி போட்டு உட்கார்ந்து, சக்கரத்துக்கடியில் அந்தக் குழாயைக் கொடுத்து நெம்பினால், அது ஓர் அங்குலம் எழும்பி போல்ட்டுக்கு நேராக வரும். மேல் போல்ட்டில் முதலில் கோத்துவிட்டால், மற்றவை தாமாகவே வந்து உட்காரும்.

வாடகைவண்டி | திங்கள், காலை 8.25

ஆச்சி, தனியாக இரவில் போகும்போது நின்றுவிட்டால் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயிருந்தே தெரிந்தவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். வண்டி சாலையை விட்டு நன்றாக இறங்கி நின்றால் மட்டும். தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033 என்ற எண்ணிலும், ஆபத்தென்றால் 112இலும் அழைக்கலாம். டயர் மாற்றத் தெரிந்திருப்பது நல்லதுதான். அதற்காக ஒவ்வொரு முறையும் நாமே மாற்றியாக வேண்டும் என்பதில்லை.

வளவுவீடு | திங்கள், காலை 11.50

எல்லோருக்கும் மிக்க நன்றி. செம்மண்ணில் ஜாக்கியை எப்படி நிறுத்துவது என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை.

கொப்புடையாள்துணை | திங்கள், பகல் 12.40

ஓர் அடிக்கு ஓர் அடி, ஒன்றரை அங்குலக் கனத்தில் ஒரு பலகைத் துண்டு டிக்கியில் எப்போதும் கிடக்க வேண்டும். ஜாக்கியின் அடித்தட்டு நம் உள்ளங்கை அளவுதான். ஒரு மூலையில் மட்டும் முந்நூறு கிலோ வரை பாரம் அதில் இறங்கும். அது ஈர மண்ணில் புதையாமல் என்ன செய்யும்? பலகை வைத்தால் பாரம் பரவிவிடும். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பர்மாத் தேக்குத் துண்டுகூடக் கிடைக்கும். அதை ஜாக்கிக்கு அடியில் போட மனம் வராது என்பதால் சாதாரண வேப்பம் பலகையே போதும்.

ஜாக்கியை எங்கே கொடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதவுகளுக்குக் கீழே, வண்டியின் அடி விளிம்பில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் அந்தத் தகட்டு விளிம்பில் ஒவ்வோர் இடத்திலும் அருகருகே இரண்டு வெட்டு தட்டுப்படும். கழற்றப் போகும் சக்கரத்தை ஒட்டியுள்ள அந்த இரண்டு வெட்டுக்கும் நடுவில்தான் ஜாக்கியின் தலை உட்கார வேண்டும். வேறெங்கு கொடுத்தாலும் தகடு மடங்கும். தூக்கத் தொடங்குமுன், கழற்றப் போகும் சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரே இருக்கும் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து முட்டுக் கொடுங்கள். ஸ்டெப்னியை ஜாக்கிக்குப் பக்கத்தில் வண்டிக்கடியில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும். சக்கரத்தைக் கழற்றியதும் அதை அந்த இடத்தில் வைத்துவிட்டு ஸ்டெப்னியை எடுத்து மாட்டலாம். கையையோ காலையோ அடியில் நுழைக்கவே நுழைக்காதீர்கள்.

மாட்டிய பிறகு நட்டுகளை வரிசையாகச் சுற்றி முறுக்காமல், ஒன்றை முறுக்கினால் அடுத்து அதற்கு எதிரே உள்ளதை முறுக்க வேண்டும். ஐந்து நட்டானால் நட்சத்திரம் வரைவது போல ஒன்று விட்டு ஒன்று. முதலில் எல்லாவற்றையும் கை இறுக்கமாக, பிறகு சக்கரத்தைத் தரையில் இறக்கிவிட்டு முழு இறுக்கமாக. நூறு கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை சரி பார்ப்பது அவசியம்.

ஊருணிக்கரை | திங்கள், மாலை 4.30

கொட்டகையில் நிற்கும் கார் என்று எழுதியிருந்தீர்கள். நம் பக்கத்தில் பாதி வீடுகளின் நிலை அதுதான். வீடே விசேஷத்துக்குத்தான் திறக்கிறது. பஞ்சர் இல்லாத டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. காற்றுக் குறையும். பொங்கலுக்கு 33 வைத்துவிட்டுப் போய் ஆடியில் வந்து எடுத்தால், கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் டயரில் 25கூட இருக்காது. அந்தக் காற்றோடு நேராகத் திருச்சிக்கு ஓட்டினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். கோடையில் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காற்றில்லாமல் ஓடிய டயரைப் பிரித்தால், உள்ளே கரித்தூள் போல ரப்பர் உதிர்ந்து கிடக்கும். அதைப் பார்த்தால் அந்த டயரை ஒட்டச் சொல்லாதீர்கள்.

காற்றின் அளவு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். ஓட்டுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். மே மாத வெயிலில் ஓட்டிவிட்டு வந்து அளந்தால் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

ஸ்டெப்னியின் வயதையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் ‘டாட்’ (DOT) என்று தொடங்கும் வரியின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஒரு நாள்கூட ஓடாத ஸ்டெப்னியாக இருந்தாலும் ரப்பர் முதுமை அடைந்துகொண்டுதான் இருக்கும். பத்து வருடத்தைத் தாண்டியதை, பட்டன் புதிதாகத் தெரிந்தாலும், நம்ப வேண்டாம். அலாய் சக்கர வண்டிகள் சிலவற்றில் ஸ்டெப்னி சிறிய இரும்பு ரிம்மாக இருக்கும். அதில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று ஒட்டியிருப்பார்கள். கடை வரை போவதற்குத்தான் அது.

இவை எல்லாவற்றையும் ஒரு பகல் வேளையில், பஞ்சர் ஆகாத சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள் என்பதே என் யோசனை. முகப்பில் மட்டும் செய்யாதீர்கள். ஆத்தங்குடிக் கல்லின் மேல் ஜாக்கியை வைத்தால் கல்லும் விரியும், ஜாக்கியும் வழுக்கும்.

வளவுவீடு | ஞாயிறு, பகல் 1.05

சனிக்கிழமை மறுபடி ஊருக்கு வந்தேன். இன்று காலை கொட்டகைக்கு வெளியே உள்ள சிமெண்டுத் தரையில், அக்காள் மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே இடது முன்சக்கரத்தைக் கழற்றி மாட்டினேன். முதல் முறை நாற்பத்தேழு நிமிடம் ஆயிற்று. அதில் பாதி நேரம் ஜாக்கியின் திருகு கம்பியைத் தேடுவதற்கே போய்விட்டது; அது டிக்கியில் இல்லாமல் பின் இருக்கைக்கு அடியில் ஒரு கொக்கியில் மாட்டியிருந்தது. அந்த இரவில் அந்தக் குட்டி யானைக்காரர் தன்னுடைய கம்பியைக் கொடுத்ததால்தான் ஜாக்கியை மறுபடி திருக முடிந்தது என்பதும், முதலில் நான் ஸ்பேனரின் மறுநுனியைச் சொருகித்தான் ஏற்றினேன் என்பதும் இப்போதுதான் நினைவுக்கு வந்தன. இரண்டாம் முறை இருபத்திரண்டு நிமிடம். மூன்றாம் முறை மனைவி செய்தாள், பத்தொன்பது நிமிடம்.

நட்டு ஒன்று ஏறி நின்றும் அசையவில்லை. ஆச்சிக்குச் சொன்ன குழாயை நேற்றே காரைக்குடியில் வாங்கியிருந்தேன். அதைச் சொருகி அழுத்தியதும் சுட்ட அப்பளம் உடைவது போல ஒரு சத்தத்தோடு விட்டது. ஸ்டெப்னியில் 1113 என்று இருந்தது. எடுத்து ஓரம் வைத்துவிட்டேன். நாளை புதியது மாட்டப் போகிறோம். பலகை, குழாய், நெற்றியில் கட்டும் விளக்கு, தோல் கையுறை, அழுத்தம் பார்க்கும் கருவி, உட்காரப் பழைய கோணி ஒன்று, எல்லாம் ஒரே பையில் டிக்கியில் இருக்கின்றன.

ஒரு சந்தேகம். சக்கரத்தின் காற்று வால்வு ஒன்றில் மூடியைக் காணவில்லை. அப்படியே ஓட்டலாமா?

கொப்புடையாள்துணை | ஞாயிறு, பகல் 2.30

காற்றைப் பிடித்து வைப்பது உள்ளே இருக்கும் வால்வுதான். மூடி இல்லாவிட்டாலும் உடனே ஒன்றும் ஆகாது. ஆனால் செம்மண் தூசி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டால், அடுத்த முறை காற்று அடித்துவிட்டு எடுக்கும்போது வால்வு சரியாக மூடாமல் கசியும். நாளை புது டயர் மாட்ட வரும்போது கேளுங்கள். மூடிக்குக் காசு வாங்குவதில்லை. இரண்டாங்கட்டு ஆச்சி, உங்களுக்கும் சேர்த்து ஒரு குழாய் வெட்டி வைத்திருக்கிறேன். மருந்து வாங்க வரும் நாளில் ஸ்பேனரையும் எடுத்து வாருங்கள், கைப்பிடிக்குச் சரியாக நுழைகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.